பெயர் நீக்கம்

"புதுசா எதுக்கு சார் எழுதணும்? வெண்மதின்னு ஏற்கனவே இருக்குதே. வயசுதான் அஞ்சுன்னு கெடக்கு. ஒண்ணுன்னு திருத்திட்டா முடிஞ்சிது."

ரேஷன் ஆபீஸ் எழுத்தர் பொன்னுரங்கம் பேனா மூடியைக் கழற்றினார். ஞானசேகரன் தலையாட்டினான். அவன் மனைவி மலர்க்கொடி கைக்குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அட்டையில் இருந்த வெண்மதி மூத்தவள். சுனாமி அலை வந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்துக் கரையில் போனவள். அன்றைக்கு ஞானசேகரன் விசாகப்பட்டினத்தில், கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தான். மூன்று வருஷம் ஆகப்போகிறது. அட்டையில் அவள் பெயரை இருவருமே அடிக்கவில்லை. மாதா மாதம் அவளுக்கும் சேர்த்தே சர்க்கரை வந்தது. வேண்டாமென்றால் ஏன் என்று கடைக்காரர் கேட்பாரே என்று வாங்கிக்கொண்டார்கள். காப்பியில் போட்டுக் குடித்தார்கள். இனித்ததா என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

பிறகு சிதம்பரத்து ஆஸ்பத்திரியில், முன்பு குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மலர்க்கொடிக்குக் கட்டியிருந்த கருக்குழாயை மறுபடி சேர்த்துத் தைத்தார்கள். இந்தக் குழந்தை பிறந்து பதினோரு மாதம். இன்னும் பாப்பாதான். பெயர் வைக்காத பிள்ளை ஊரிலேயே இது ஒன்றுதான் என்று அக்கம்பக்கத்தில் வாயில் போட்டு மென்றார்கள்.

ஞானசேகரனுக்குப் பெயரில் சந்தேகமே இல்லை, மூத்தவள் பெயரேதான். பதினைந்து வருஷம் கப்பலில் கற்றது அது. எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் மூழ்கிய கப்பலின் பெயரைத்தான் பின்னால் கட்டிய கப்பலுக்கு வைத்தார்கள்.

"கப்பலு முழுவுனாலும் பேரு முழுவாது மலரு. நம்பருதான் மாறும். செத்துப்போன கேப்டனோட சம்சாரமே வந்து புதுக்கப்பலத் தண்ணில எறக்குனாங்களாம்" என்று பலமுறை சொல்லிவிட்டான்.

ஒரே ஒருமுறை அவள் கேட்டாள்: "அதுக்கப்புறம் அந்தம்மா அந்தக் கப்பலப் பாக்க வந்தாங்களா?"

அவனுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் அவளும் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கேட்பவனுக்கு வசதியான பழமொழி அது.

இப்போது பேனா முனை ஐந்தின் மேல் நின்றபோது மலர்க்கொடி எழுந்து வந்தாள்.

"வயச மாத்தாதீங்க சார். பேர அடிங்க."

"மலரு..."

"பெரிய பொண்ணு பேருங்க அது. அவ செத்துட்டா."

பொன்னுரங்கத்தின் கை மேஜைமேல் இறங்கியது. "தெரியாதும்மா. நல்லதுக்குன்னு சொல்லிட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா பேரு நீக்கணும்னா டெத் சர்டிபிகேட் வேணும்."

அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். அந்தக் காகிதத்தைத் தன் டிரங்குப் பெட்டியில், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதாக ஞானசேகரன் நினைத்திருந்தான். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அவள் முடிவு செய்திருக்கிறாள். அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பொன்னுரங்கம் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். கீழ்வரிசைக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

"இந்தப் பாப்பா பேரு?"

மலர்க்கொடி குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். "நீங்களே வைங்க. அவ பேரு மட்டும் வேணாம். என்னால ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்புட முடியாது."

அவன் யோசித்துப் பார்த்தான். பதினைந்து வருஷத்தில் பார்த்த கப்பல்களின் பெயர்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. பொன்னுரங்கம் காத்திருந்தார். குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது.