துருத்தி நின்ற ஞாயிறு

குதிரை வண்டிகள் ஓடிய காலம். கிறிஸ்தவக் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். அதற்குக் காற்று கொடுக்கிற ஆள் பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்று துருத்தி மிதிப்பான். அந்த ஆளுக்கு ஊர் வைத்த பெயர் கரடி. லாயத்தில் தீப்பிடித்தபோது குதிரைகளை அவிழ்த்துவிடப் போனவன். பாதி முகத்தை நெருப்பு வாங்கிக்கொண்டது.

தையற்காரியின் மகள் ஊருக்குப் புதிது. பாடகர் குழுவில் சேர்ந்தவள், ஒத்திகைக்கு நடுவே தடுப்போடு பேச ஆரம்பித்தாள். காற்று போதுமா என்று அவன் கேட்க, என் மூச்சுக்கு ஈடுகொடுப்பீங்களா என்று இவள் கேட்க, பேச்சு கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொல்வேன் என்றாள். அவனோ அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டான். பார்த்தால் போய்விடுவாள் என்று பயம். அவளுடைய அத்தைக்காரி வேறு, "குரலைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தப் போறியாடி? பேரே கரடியாம்" என்று குத்திக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு ஆராதனையில் அவள் தனியாகப் பாடினாள். காற்று குறையக் குறைய, கயிற்றில் தொங்கும் ஈயக்குண்டு மேலே ஏறும். துருத்திக்காரன் கண் அதிலேயே இருக்கவேண்டும். இவன் கண்ணை மூடிப் பாட்டில் கரைந்துபோனான். குண்டு உச்சிக்குப் போய்விட்டது. ஆர்கன் கிழ எருமை மாதிரி முனகி அடங்கியது. சபையே திரும்பிப் பார்த்தது. அவள் விடவில்லை, வெறுங்குரலில் பாடி முடித்தாள். ஆராதனை முடிந்ததும் நேரே தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன் மிதிக்கலை?" என்றாள்.

"கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

"இந்தப் பக்கம் திரும்புங்க."

"வேணாம்மா. யார் கண்ணுலயும் படாம ஊழியம் செய்யத்தான் கர்த்தர் என்னை இங்க வச்சிருக்கார்."

"வச்சது கர்த்தரா, கண்ணாடியா?"

அவன் திரும்பினான். அவள் அரண்டுதான் போனாள், அதை மறைக்கவுமில்லை. ஆனால் போகவில்லை. தீ பட்ட பக்கம், படாத பக்கம், இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னும் வலிக்குதா?"

"குளிர்ல இழுக்கும்."

"சரி, வாங்க வீட்டுக்கு. அத்தை கத்துவாங்க, கத்தட்டும். அம்மா உங்க முகத்தைப் பார்ப்பாங்க, அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாங்க. ஒத்துக்குவாங்க."

அதற்குள் ஆர்கன் வாசிப்பவர் கொதித்துக்கொண்டு வந்து நின்றார்.

அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "ஐயா, திட்டுறதா இருந்தா சீக்கிரம் திட்டி முடிங்க. இவரை எங்கம்மாகிட்ட கூட்டிட்டுப் போகணும்."