எதிரில் வருகிறவனின் கண்

ஜங்புராவில் கடைசி வீட்டுப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டு வேனில் ஏறினால், ஆசாத்பூர் வருவதற்குள் கோவிந்தம்மாள் தூங்கிவிடுவாள். தலை போய் ஜன்னல் கண்ணாடியில் இடிக்கும், விழிக்க மாட்டாள். மடியில் இருக்கும் ஸ்டீல் டப்பாவை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். அதில் ஏதாவது ஒரு வீட்டில் மிஞ்சிய சப்ஜி இருக்கும். பக்கத்தில் கோமளா, பின்சீட்டில் இன்னும் மூன்று பெண்கள். பூண்டும் பாத்திர சோப்பும் கலந்த வாசனை வேன் முழுக்க நிறையும். எல்லாரும் தூங்க, மதன் ஒருவன் மட்டும் விழித்திருந்து ஓட்டுவான்.

முன்பெல்லாம் வேலைக்குப் போக வேனே தேவைப்படவில்லை. ஜங்புராவை ஒட்டித் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் குடிசையை விட்டு இறங்கி, நாலா என்கிற சாக்கடைக் கால்வாயைத் தாண்டினால் வேலை செய்யும் வீடு. கேம்ப்பை இடித்த பிறகு நகரத்தின் வடகோடியில், நரேலாப் பக்கம் அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. வேலை ஜங்புராவிலேயே தங்கிவிட்டது. பஸ் மாறி பஸ் பிடித்துப் போனால் காலைச் சமையலுக்கு நேரமாகிவிடும். மேடம்கள் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். அதனால் பந்தல்காரருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த மதன், தன் பழைய வேனில் இந்தப் பெண்களை விடிவதற்கு முன்னால் ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு திரும்பக் கூட்டிவர ஆரம்பித்தான். அவன் வண்டி ஓடுகிறவரைதான் அந்த ஐந்து பேருக்கும் வேலை.

குளிர்காலம் வந்ததும் மதனுக்குச் சாலை பிடிக்காமல் போயிற்று. ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஊரைத் தாண்டியதும் நடுவில் தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலை. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் இரண்டு மூன்று விளக்குகளைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தது. லாரியின் நெற்றியில் ஒரு வரிசை, காரின் மூக்குக்குக் கீழே ஒரு ஜோடி, புல்லட்காரன்கூட ஹேண்டிலில் இரண்டு குட்டி விளக்கு. ஒவ்வொன்றும் கடந்துபோன பின் கொஞ்ச நேரத்துக்கு அவனுக்கு எதுவுமே தெரியாது. கண்ணுக்குள் பச்சையாக ஒரு வட்டம் மிதக்கும். அந்த வட்டத்துக்குப் பின்னால் சாலை இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். ஒருநாள் வைக்கோல் ஏற்றி நின்ற டிராக்டர், கை நீட்டினால் தொடும் தூரத்தில் திடீரென்று முளைத்தது. பிரேக் பிடித்ததில் கோவிந்தம்மாளின் டப்பா உருண்டு, உருளைக்கிழங்கு எல்லார் காலடியிலும் சிதறியது.

அன்றைக்கு வண்டியை ஓரம்கட்டி நிறுத்திய மதன், குளிர் முடிகிறவரை தன்னால் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டான். அவன் ஓட்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோவிந்தம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். குனிந்து உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே, “ஏன்டா மதனு, ஊரே லைட்டு மாட்டிக்கினு வருது, நீ மட்டும் எதுக்கு அகல்விளக்கு ஏத்திக்கினு வர்ற? நீயும் ஒண்ணு மாட்டேன். நமக்கு மட்டுந்தான் கண்ணு கூசணுமா, அவனுங்களுக்குக் கூசக் கூடாதா?” என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதன் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போனான். கோவிந்தம்மாளும் கோமளாவும் கூடவே வந்தார்கள். அவர்கள் ஏறிய கடையில் சுவர் முழுக்கப் பலகை அடித்து, பலகை முழுக்க விளக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். கடைக்காரர் டீயை உறிஞ்சியபடி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். கடை, தூசி படிந்த ஒரு விண்மீன் கூட்டம்போல எரிந்து எரிந்து அணைந்தது.

மஞ்சளாக ஒரு ஜோடி வட்ட விளக்கு இருந்தது. பம்பருக்குக் கீழே பொருத்துவது, சாலையை மட்டும் அகலமாகக் காட்டும், மூடுபனிக்கு நல்லது என்று கடைக்காரர் இந்தியில் சொன்னார். இன்னொன்று ஒரு முழத்துக்கு மேல் நீளம், ஒரே வரிசையாக வெள்ளைப் பற்கள். அது கூரைமேல் கட்டுவது, மலைக் காட்டில் எதிரே ஆளில்லாத இடத்தில் ஓட்டுகிறவர்கள் வாங்குவது என்றார். மதனின் காதில் ஆளில்லாத இடம் என்பது விழவில்லை. அதைப் போட்டதும் கடையின் பின்சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பு, அங்கே ஊர்ந்த பல்லி, பல்லியின் நிழல் எல்லாம் தெரிந்தன. அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமளா மஞ்சளையே காட்டி, இது கண்ணை உறுத்தாமல் இருக்கிறது அண்ணே என்றாள். காமாலைக்காரன் கண் மாதிரி இருக்கிறது, இதை மாட்டினால் எவன் பயப்படுவான் என்று கோவிந்தம்மாள் சிரித்தாள். மதனும் சிரித்தான். கடைக்காரர் வற்புறுத்தவில்லை, கேட்டதைக் கொடுக்கிறவர் அவர். வெள்ளை விளக்கோடு ஒரு கறுப்பு உறையையும் கொடுத்து, இதற்கெல்லாம் அனுமதி கிடையாது, போலீஸ் கண்ணில் படாமல் பகலில் மூடி வை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வெள்ளை விளக்கைக் கூரைமேல் கட்டிய முதல் சில நாட்கள் மதன் குழந்தைபோல இருந்தான். வெகுதூரத்து வேப்பமரத்தின் இலை இலையாகத் தெரிந்தது. நாய்களின் கண்கள் பச்சை மணிகளாக மின்னின. எதிரே வந்தவர்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள், ஹாரன் அடித்தார்கள், கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் தான் பட்டதை இனி இவர்களும் படட்டும் என்று மதன் நினைத்தான். அதைக் கெட்ட நினைப்பு என்று அவன் எண்ணவில்லை. ரொம்ப நாள் தள்ளு வாங்கிய ஒருவன் முதல் தடவையாகத் திருப்பித் தள்ளுகிற ஆறுதல் அது.

ஒரு விடியற்காலை மூடுபனியில் அதே விளக்கைப் போட்டபோது, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையடித்த சுவர் ஒன்று எழும்பி நின்றது. தன் வெளிச்சமே திரும்பி வந்து தன் முகத்தில் அடித்ததும் உடனே அணைத்துவிட்டு, ஒரு லாரியின் வால்விளக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனான். பனியில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தானே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்கு அவன் தூங்கியிருந்ததும் இல்லை.

அவர்கள் இறங்குகிற இடத்தில் விளக்குக் கம்பம் உண்டு, வெளிச்சம் கிடையாது. குடியிருப்பின் வாசல் சாலைக்கு அந்தப் பக்கம். அங்கே மூடாத சாக்கடை ஒன்றும், இருட்டில் படுத்திருக்கும் நாய்களும் உண்டு. அதனால் புது விளக்கு வந்த நாளிலிருந்து மதன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வேனை நிறுத்தி, விளக்கை அணைக்காமல் விட்டுவிடுவான். பெண்கள் இறங்கி, வண்டிக்கு முன்னால் வந்து, அந்த வெளிச்சத்திலேயே சாலையைக் கடந்து போவார்கள். கடைசியாகப் போகும் கோவிந்தம்மாள் அந்தப் பக்கம் சேர்ந்ததும் திரும்பி, போ போ என்று கையை வீசுவாள். பிறகுதான் அவன் கிளம்புவான். ஒரு நாளில் அவன் செய்கிற நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றும்.

தை பிறப்பதற்கு முந்தைய வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அப்படித்தான் நிறுத்தினான். மூன்று பெண்கள் முன்னால் கடந்துவிட்டார்கள். கோமளா பம்பர் அருகே நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் டப்பாவோடு சாலை நடுவே போய்க்கொண்டிருந்தாள். எதிரிலிருந்து ஒரு பைக் வந்தது. இரண்டு பக்கமும் பால்கேன் தொங்கியது.

மதனுக்கு எல்லாமே பகல்போலத் தெரிந்தது. பால்காரரின் கம்பளித் தொப்பி தெரிந்தது. கோவிந்தம்மாள் போர்த்தியிருந்த சால்வையின் கிழிசல் தெரிந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் அவருக்கு அவளைத் தெரியாமலா போகும் என்று நினைத்தான். அதனால்தான் அவன் ஹாரனைக்கூட அழுத்தவில்லை.

பைக் அவளை இடித்துக்கொண்டு சாய்ந்தது.

கேன் திறந்து பால் சாலையில் பரவியது. வெள்ளை வெளிச்சத்தில் வெள்ளைப் பால், நடுவில் கோவிந்தம்மாள். காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வாசலிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் பால்காரரைச் சட்டையோடு தூக்கினான். மதனும் ஓடிப்போய் அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். குடித்திருக்கிறாயா, கண் தெரியவில்லையா என்று இந்தியில் கத்தினான். அடிக்கக் கையை ஓங்கிவிட்டான்.

பால்காரர் தடுக்கவில்லை. முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, “பையா, பெஹ்லே லைட் பந்த் கரோ,” என்றார். முதலில் அந்த விளக்கை அணை என்பதுதான் அவர் கேட்டது. வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, அம்மாவைத் தெரியவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கும் உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

மதன் தன் வேன் இருந்த பக்கம் திரும்பினான்.

வேன் இல்லை. சாலை இல்லை, கம்பம் இல்லை, மரம் இல்லை. ஒரு வெள்ளை ஓட்டை மட்டும் இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு. கண்ணில் நீர் வந்தது. கோமளா எங்கே என்று பதறிப்போய்க் கேட்டான்.

“இங்கதாண்ணே நிக்கிறேன். வண்டி முன்னாலயே,” என்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், கையை வைத்து மறைத்துப் பார்த்தான். குரல் இருந்தது, ஆள் இல்லை. விளக்கைக் கட்டிய நாளிலிருந்து அவன் அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு தடவையும் நின்றதில்லை. பால்காரரின் கழுத்துப்பட்டையிலிருந்து அவன் விரல்கள் தாமாகவே கழன்றன.

அவரும் மதனும் சேர்ந்துதான் கோவிந்தம்மாளைத் தூக்கி வேனில் படுக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார். வழி முழுக்க மதன் சாதாரண விளக்கைத் தாழ்த்தி வைத்தே ஓட்டினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். ரெண்டு மாசத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அவளுடைய வீடுகளில் ஒன்றைக் கோமளா தன்னுடையதோடு சேர்த்துச் செய்தாள். மற்ற வீடுகளில் வேறு ஆள் வந்துவிட்டது. மதன் எதற்குப் பயந்து விளக்கு வாங்கினானோ, அது விளக்கினாலேயே நடந்தது.

அவன் வெள்ளை விளக்கைக் கழற்றி மறுபடி அதே கடைக்குப் போனான். கடைக்காரர் காரணம் கேட்கவில்லை. இந்தத் தடவை மதன் பின்சுவரைப் பார்க்கவில்லை. மஞ்சள் ஜோடியைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்து எரியவிடச் சொல்லி, தெருவில் இறங்கிப் போய், எதிரே பைக்கில் வருகிறவன் உட்காருகிற உயரத்துக்குக் குனிந்து பார்த்தான். போகிற வருகிறவர்கள் அவனைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள்.

பொருத்திய அன்று வேனைக் குடியிருப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி, கோமளாவை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, சுவிட்சைப் போடச் சொன்னான். விளக்கின் முகத்தை இன்னும் இன்னும் தரைப்பக்கம் சாய்த்தான். ஒவ்வொரு தடவையும் எதிரே போய் நின்று, கோமளாவின் முகம் தெரிகிறதா என்று பார்த்தான். தெரிகிறவரை திருகினான். கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் அரை லிட்டர் பால் இருந்தது. பால்காரர் வாரத்துக்கு ரெண்டு தடவை கொண்டுவந்து வைத்துவிட்டு, வாய் பேசாமல் போய்விடுவார்.

மதன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நல்லதென்று நினைத்துத்தான் விளக்கை எரியவிட்டேன் அத்த என்று மட்டும் முணுமுணுத்தான்.

“தெரியும்டா,” என்றாள் அவள். “மஞ்சள வேணாம்னு சிரிச்சதே நான்தான? எல்லாம் சேந்து எனக்கே வந்துச்சு.” மஞ்சள் விளக்கைக் கையால் காட்டினாள். “நமக்கு ரோடு தெரியுதான்னு பாத்தோம். எதிர்ல வர்றவனுக்கு நாம தெரியிறோமான்னு பாக்கவே இல்ல. அவன் கண்ண அவிச்சுட்டு, அவன் நம்மள இடிச்சுட்டான்னு சட்டையப் புடிக்கிறோம். அவன் கண்ணுலதான்டா நம்ம உசுரு இருக்குது.”

மதன் திரும்பிப் போய் விளக்கை இன்னும் ஒரு திருகு தரைப்பக்கம் சாய்த்தான்.

பங்குனியில் கட்டுப் பிரித்த பிறகு, கிடைத்த ஒரு வீட்டு வேலைக்காகக் கோவிந்தம்மாள் மறுபடி வேனில் ஏறினாள். திரும்பும்போது அவள் தூங்கவில்லை. கால் வலித்தது. இறங்கும் இடம் வந்ததும் மதன் விளக்குகளைத் தாழ்த்தி, ஓரத்தில் மினுக்குகிற விளக்கை மட்டும் போட்டுவிட்டுத் தானே இறங்கிப் பெண்களோடு சாலையோரம் நின்றான். தூரத்தில் ஒரு கார் வந்தது. நெற்றியில் வெள்ளை வரிசை. அது அவர்கள் எல்லார் முகத்தையும் ஒரு தடவை அழித்துவிட்டுக் கடந்துபோனது.

“பாத்தியா அத்த, அவன் லைட்டக் கொறைக்கல,” என்றான் மதன், அலுப்போடு.

கோவிந்தம்மாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள் மிதந்த பச்சை வட்டம் கரைகிறவரை நின்றாள். பிறகு நல்ல காலை முதலில் சாலையில் வைத்தாள்.

“அவன் கொறைக்கலன்னா நீ ஏத்தாத. எல்லாரும் ஏத்திக்கினே போனா, கடைசில எவனுக்குமே ரோடு தெரியாது. யாராவது ஒருத்தன் மொதல்ல தாழ்த்தணும். அது நாமளா இருந்துட்டுப் போறோம், வா.”