தண்ணீர் கண்ட வண்டி

சனிக்கிழமை காலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் சாங்கியூ தன் குட்டிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருடம் ஓடிய வெளிர்பச்சைக் கார். துடைத்து முடித்ததும் கதவைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தான். மணத்துக்காகப் பின்சீட்டில் வைத்திருந்த சீமைமாதுளம் பழங்களின் வாசம்தான் வந்தது. சேற்று வாடை தெரியவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டான்.

அந்தக் கோடையில்தான் இன்ச்சொன் நகரில் ஒரு பழைய கார் தரகனிடம் அதை வாங்கியிருந்தான். முதல் மழையிலேயே வண்டி இரண்டு முறை நடுரோட்டில் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். நுனியில் காய்ந்த சேறு அப்பியிருந்தது.

"வெள்ளத்துல முங்குன வண்டி சார் இது. உள்ள ஒயரெல்லாம் துரு புடிச்சிருக்கு. இன்னிக்கு ஓடும். நாளைக்கு எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

தரகனின் போன் அணைந்து கிடந்தது. "போலீஸ்ல எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி. வேலையை விட்டு அலைய அவனுக்கு மனமில்லை. "எனக்கு யாராவது சொன்னாங்களா? நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்?" என்றான். பெல்ட்டுகளைப் புதிதாக மாற்றினான். வண்டி விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போட்டான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சனிக்கிழமை கிம்ஜே ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் யோங்பேவுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ஜொன்ஜு நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்பவர். அவர் மனைவி சுல்யே ஐம்பத்தேழு வயதில், கார் ஓட்ட அப்போதுதான் கற்றிருந்தாள்.

"ரெண்டு பஸ் மாறிப் போறோம் தம்பி. திரும்பி வரும்போது இவருக்கு நிக்கவே முடியாது. அதான் ஒரு சின்ன வண்டியா இருந்தா போதும்னு பாக்கறோம்" என்றாள் அவள்.

"இவ ஓட்டறதுக்கு அந்த ஆஸ்பத்திரி ஊசியே தேவலாம்" என்று சிரித்தார் யோங்பே. பிறகு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "பெல்ட்டு கூட புத்தம் புதுசா வச்சிருக்கீங்களே! தம்பி, விபத்து எதுவும் ஆகலையே?"

"விபத்தா? ஒரு கீறல் கிடையாது அண்ணே" என்றான் சாங்கியூ. அதில் பொய் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

பணம் கொடுத்து வண்டியோடு கிளம்பும்போது யோங்பே ஒரு சிறு மூட்டையை அவன் கையில் திணித்தார். அவர் வயலில் விளைந்த புது அரிசி. "நல்ல மனுஷன்கிட்ட வாங்கியிருக்கோம். வீட்ல சமைச்சுச் சாப்பிடுங்க." அன்றிரவு அந்தச் சோறு அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. ஒரு மாதத்தில் வண்டியையே மறந்துபோனான்.

அடுத்த ஜூலையில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் வேலையில் இருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. இறந்தவரின் போனிலிருந்த எண்களுக்கெல்லாம் குடும்பத்தார் அனுப்பிய மரண அறிவிப்பு. யோங்பேவின் படம் அதில் இருந்தது.

மழையும் அந்த வண்டியும் சேர்ந்து நினைவுக்கு வர, சாங்கியூ ஜொன்ஜுவுக்கு ஓடினான். ஆஸ்பத்திரியை ஒட்டிய சாவு மண்டபத்தில் படத்தின் முன் இருமுறை விழுந்து வணங்கினான். கறுப்பு உடையில் இருந்த சுல்யே அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வண்டிக்காரத் தம்பியா? இவ்வளவு தூரம் வந்தீங்களே. உக்காருங்க, ஒரு வாய் சூப்பாவது குடிச்சிட்டுப் போங்க."

துக்கத்துக்கு வருபவர்களுக்கெல்லாம் தரும் சூப்பை அவளே ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து வைத்தாள். நடந்ததையும் அவளே சொன்னாள்.

"காலையில நல்ல மழை. ஆத்துப் பாலத்துல வண்டி பொட்டுனு நின்னுடுச்சு தம்பி. பின்னாடி வர்றவங்களுக்குக் காட்ட விளக்கு கூட எரியல. நான் சாவியத் திருகித் திருகிப் பாக்கறேன். 'நீ ஸ்டார்ட் பண்ணு, நான் பின்னாடி நின்னு கைய காட்டறேன்'னு இவர் குடையோட இறங்கிட்டார். லாரிக்காரனுக்கு மழையில கண்ணு தெரியல..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத்தான் ஓட்டத் தெரியல. நான் ஏதோ தப்பாப் பண்ணித்தான் வண்டி நின்னுருக்கும். என் கையாலயே அவர அனுப்பிட்டேன்."

சாங்கியூ கரண்டியைக் கீழே வைத்தான். பேசாமல் எழுந்து போயிருக்கலாம். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை அந்தப் பெண் சாகும்வரை சுமப்பாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

"அக்கா, உங்க தப்பு இல்ல." தரையில் நெற்றி படக் குனிந்தான். "அது வெள்ளத்துல முங்குன வண்டி. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்களுக்கு வித்தேன்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க பஸ்ஸுலயே போயிருப்போமே தம்பி" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை சாங்கியூ காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். தரகனின் பெயர், வாங்கிய தேதி, பட்டறைக்காரர் சொன்னது, தான் பெல்ட் மாற்றியது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். படித்துப் பார்த்த அதிகாரி நிமிர்ந்தார்.

"நீங்களும் ஏமாந்தவர்தானே? அந்தத் தரகனோட நிறுத்தியிருக்கலாமே. உங்களையும் சேத்து எதுக்கு எழுதியிருக்கீங்க?"

"ஏமாந்தப்பவே நான் இங்க வந்திருக்கணும் சார்" என்றான் சாங்கியூ. "நம்மள ஏமாத்தினவன்கிட்டதான் நியாயம் கேக்கணும். அவன விட்டுட்டு, நம்மள நம்பி வந்தவங்க தலையில அத இறக்கி வச்சா, அவன விட நாமதான் பெரிய திருடன். எனக்கு இது தெரிய ஒரு மனுஷன் சாக வேண்டியதாப் போச்சு."