கொன்ஸ்ரன்ரைனைக் கண்டால் சாயும் தண்ணீர்

பேசாலையில் மீன்பிடிக்கும் கொன்ஸ்ரன்ரைன் தன் வீட்டுக்குள் கால் வைத்தால், முன்னறைக் கண்ணாடித் தொட்டியின் தண்ணீர் அவர் நிற்கும் பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்துவிடும். தரையில்தான் பிழை என்று மேசன் சிங்கராசா ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரை நேராக இருந்தது. கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தொட்டியில் இருப்பது மகள் அன்ரோனெற் கொழும்பில் வளர்த்த அக்சலோட்டல் என்ற நீர்ப்பிராணி. வெளுத்த உடம்பு, நாலு கால், தலைக்கு இருபுறமும் தூவல்போலச் சிவந்த செவுள்கள். நன்னீரில் வாழ்வது, கிழடானாலும் குஞ்சு முகம் மாறாதது. போர் முடிந்து சில வருடங்களில் அவள் இத்தாலிக்கு வேலைக்குப் போகும்போது, அதைத் தாய் மார்த்தாவிடம் கொடுக்காமல் தகப்பனிடம் கொடுத்தாள். "நீங்கள்தான் வடிவாப் பார்ப்பீங்கள் அப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லில் மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீனுக்குப் போடும் ஐஸைச் சாக்கில் சுற்றிவந்து தொட்டியைக் குளிரவைத்தார். மண்புழுவை விரலாலேயே ஊட்டினார். அவர் காலடி கேட்டால் அது கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் இவ்வளவு மினக்கெட்டதில்லை என்று மார்த்தா சிரித்தாள்.

அடுத்த சித்திரை வெக்கையில் அது இரை எடுக்காமல் சோர்ந்து கிடந்தது. வேறு யாருமென்றால் மிருக வைத்தியரைக் கேட்டிருப்பார்கள். கடலிலேயே வளர்ந்த மனுசனுக்குக் கேட்க என்ன இருக்கிறது? செவுள் உள்ளதெல்லாம் கடலுக்குத்தான் ஏங்கும் என்பது அவர் கணக்கு. வாளியில் கடல்தண்ணீர் அள்ளிவந்து ஊற்றினார். பிராணி துடித்து மூடியில் மோதியது, செவுள்கள் சுருண்டன. மார்த்தா ஓடிவந்து கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றியதால் உயிர் தப்பியது.

ஆனால் தப்பியது பழைய பிராணி அல்ல. வால் நுனியைச் சுருட்டிக்கொண்டு ஓட்டுத்துண்டின் கீழ் ஒளித்துக் கிடந்தது. மார்த்தா கொடுத்தால் தின்றது. அவர் வந்தால் தண்ணீரே அதைத் தூக்கிக்கொண்டு அப்பால் ஒதுங்கியது. ஊர் கூடி வந்து பார்த்தது, கோயில் பெருநாளோடு அலுத்தும்போனது. தண்ணீர் நேராக நிற்கட்டும் என்று அவர் கடற்கரையில் வலை வைக்கும் வாடிக் கொட்டிலில் படுத்தார், சோற்றை யன்னலால் வாங்கிச் சாப்பிட்டார். மகள் ஃபோனில் கேட்டால் "சுகமாயிருக்கு" என்றார். நம்பித் தந்த பிள்ளை வந்து இதைக் காணப்போகிறாளே என்ற நினைப்பே அவரை அரித்தது.

அன்ரோனெற் லீவில் வந்தாள். பிராணி அவளைக் கண்டு கண்ணாடிக்கு வந்தது. அவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோவன் அப்பா."

"நான் வந்தால் தண்ணி சாயும் பிள்ளை. கடல்தண்ணி ஊத்திப்போட்டன். நல்லதெண்டு நினைச்சுத்தான் ஊத்தினனான்."

அவள் குனிந்து தொட்டியின் கண்ணாடியில் விரல் வைத்தாள். கோபிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் நொந்தது.

"அது மறக்காது அப்பா. அதுக்காக நீங்கள் வெளியில கிடக்கிறதே? வந்து சாப்பிடுங்கோ."

அவர் வந்தார். தண்ணீர் சாய்ந்து மறுபக்க விளிம்பால் சிந்தியது. அவள் தகப்பன் உடுத்திக் கழித்த பழைய சாரமொன்றைச் சிந்திய தரையில் விரித்துவிட்டுச் சோறு போட்டாள்.

அவள் திரும்பிப் போய் வருடங்களாகின்றன. தண்ணீர் இன்றும் சாய்கிறது. கொன்ஸ்ரன்ரைன் தன் கதிரையில் இருந்து சாப்பிட்டு, கை கழுவி, நனைந்த சாரத்தைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறார்.