இமையிலிருந்து வெட்டிய துண்டு

நாளைக்கு ஒப்பரேஷன் வினோதாவுக்கு. ஆனால் வார்டுக்கு வந்த சனமெல்லாம் தங்கச்சி தனுஜாவைத்தான் மெச்சியது. "சின்னவ மட்டும் பாக்காட்டி பெரியவ கண்ணு போயிருக்கும்" என்று அம்மா ராசம்மா வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். என்ன அநியாயம் இது! வியாதி இவளுக்கு, பேர் அவளுக்கு.

மேல் இமையில் கட்டி வந்ததும் தோட்டத்து லயமே அதைக் கண்கட்டி என்றது. அம்மா உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மாதக்கணக்கில் ஒற்றிப் பார்த்தாள். தீபாவளிக்கு நோட்டன் பிரிட்ஜ் வீட்டுக்கு வந்த தனுஜாதான், "கட்டி மேல மட்டும் முடி கொட்டியிருக்கே, இது கண்கட்டி இல்லக்கா" என்று கண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் புற்றுநோய். கட்டிகளிலிருந்து தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதுதான் மேல்படிப்புக்காகக் கம்பஸ் ஆய்வுகூடத்தில் தனுஜாவுக்கு வேலை.

"வெட்டுறதுல ஒரு துண்டு தாறியாக்கா? இது லேசுல கெடைக்காது. ஒடனே ஐஸ்ல வைக்கணும், இல்லாட்டி ஆர்.என்.ஏ. ஒடைஞ்சி போயிரும்."

அம்மா பக்கத்தில் இருந்தாள். வினோதா தலையாட்டி வைத்தாள். இவளும் பயோ படித்தவள்தான். கம்பஸுக்குப் போக இசட் ஸ்கோர் காணாமல், தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாகிக் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிறாள். இப்போது இவள் சதையையும் வைத்து அவள் பட்டம் வாங்க வேண்டுமாக்கும்!

மறுநாள் இமை மரத்துக் கிடந்தபோது டொக்டர் குனிந்தார். "தங்கச்சி வெளிய ஐஸ் பெட்டியோட நிக்கிறா. கெட்டிக்காரி. துண்டு குடுப்பம்தானே?"

கெட்டிக்காரி. இங்கேயுமா?

"வேணாம் டொக்டர்."

வெட்டியதெல்லாம் வழக்கமான பரிசோதனைக்கு மருந்துப் போத்தலுக்குள் போனது. அதில் விழுந்தால் தனுஜாவின் வேலைக்கு ஆகாது.

ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தவள் சண்டைக்குத் தயாராகவே இருந்தாள். தனுஜா கத்தட்டும், அழட்டும், ஒருதடவையாவது அவளும் தோற்று நிற்கட்டும்.

"வலிச்சிச்சாக்கா?"

"நான்தான் குடுக்க வேணாம்னேன்."

"டொக்டர் சொன்னாரு. ஒன்னோடது, ஒன் இஷ்டம்."

தனுஜாவின் மூக்கு நுனி சிவந்திருந்தது. பெட்டியிலிருந்த ஐஸை முகம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கடைசி இரண்டு ஐஸ்கட்டிகளை லேஞ்சித் துணியில் சுற்றி, அக்காவின் வீங்கிய கன்னத்தில் மெதுவாக வைத்தாள். வினோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைக்கூட அவள் இவ்வளவு நன்றாகவா செய்ய வேண்டும்? அந்தக் கையைத் தட்டிவிடத்தான் தன் கையைத் தூக்கினாள். தூக்கிய கை தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே நின்றது. ஐஸ் தண்ணீர் இருவர் விரல்களிலும் வழிந்து முழங்கைவரை இறங்கியது.