ரலிட்சா நீட்டிய போன்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. போனை விழிப்போடு பயன்படுத்துவது எப்படி என்று பல்கேரியாவில் எங்கள் ப்ளோவ்டிவ் நகர வார இதழ் ஒன்று கட்டுரை கேட்டது. எனக்கு அது கைவந்த கலை என்று பதில் போட்டுவிட்டேன். நான் பழகியது ஒன்பதே நாள்.

முறை எளிது. கை போனைத் தேடும்போது நிதானமாக ஒரு மூச்சு. பிறகு ஒரு கேள்வி: எதற்காக எடுக்கிறேன்? பாதி நேரம் பதிலே இருக்காது.

2.

முதல் தொடக்கம்: "போயான் என்றொருவன் இருந்தான். அவனுடைய கை அவன் பேச்சைக் கேட்காமல்..."

(வேண்டாம். போயான் நான்தான். எதற்கு ஒளிந்து விளையாட வேண்டும்?)

3.

மகள் ரலிட்சா நடக்கத் தொடங்கியதற்கான சடங்கு. தரையில் வெள்ளைத் துணி. மறுமுனையில் குட்டி மேசை. அதன்மேல் கத்தரிக்கோல், புத்தகம், தூரிகை, கரண்டி. வட்ட ரொட்டியை உருட்டிவிட்டால் குழந்தை அதன் பின்னாலேயே போய் ஏதாவது ஒன்றை எடுக்கும். எடுத்த பொருள் எதுவோ அதுதான் பிற்காலத்தில் அதன் தொழிலைச் சொல்லும்.*

* நான் சீப்பை எடுத்தேனாம். இப்போது தலையில் சீவ ஒன்றும் இல்லை.

"இது ஒரு தடவைதான் வரும், போயான்," என்றாள் மனைவி நெவெனா. "இன்னிக்கு மட்டுமாவது எங்களோட இரு."

கை சட்டைப்பைக்குப் போனது. மூச்சு விட்டேன். கேட்டேன். பதில் இல்லை. பெருமையோடு போனைப் பக்கத்தில் வைத்தேன். வைத்த இடம் அந்தக் குட்டி மேசை என்பதைக் கவனிக்கவில்லை.

4.

ரொட்டி உருண்டது. ரலிட்சா ஏழு அடி நடந்தாள். புத்தகத்தைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள்.

"அத்தான், உங்க பொண்ணு போன் கடை வைக்கப்போறா," என்றாள் மைத்துனி கெர்கானா. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் குழந்தை அதை வைத்து விளையாடவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்தபடி நேராக என்னிடம் வந்து நீட்டினாள். அப்பாவுக்கு வேண்டியது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

5.

முடிவு ஒன்று: போனை வாங்காமல் மகளைத் தூக்கிக்கொள்கிறேன். இதழாசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: போனைக் கிணற்றில் வீசி... (எங்கள் வீடு நான்காம் மாடி. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நடந்தது: வாங்கினேன். வாங்கிய விரலே திரையைத் திறந்தது. மூச்சும் இல்லை, கேள்வியும் இல்லை. நாளை மழை, பதினோரு டிகிரி.

"போயான், அவளப் பாரு," என்றாள் நெவெனா, தணிந்த குரலில். நான் நிமிர்வதற்குள் குழந்தை திரும்பி அம்மாவிடம் போய்க்கொண்டிருந்தது.

நீட்டியபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி என்னிடம் இல்லை. நெவெனாவிடம் கேட்டேன்.

"அத நான் சொல்லமாட்டேன்," என்றாள்.

ஆகவே வாசகரே, அதை நீங்கள் எழுதுங்கள்:

ரலிட்சா போனை நீட்டினாள். அவள் முகம் [                    ].

நான் ஓரடி தூரத்தில்தான் இருந்தேன். எனக்கு நினைவிருப்பது பதினோரு டிகிரி மட்டும்.