மேற்கே திரும்பிய நீவாடு

முட்டத்துக்குக் கிழக்கே பாறைகள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ரிசார்ட். விடுமுறைக்கு வந்தோமா, நிம்மதியாகப் படுத்தோமா என்ற கதையே அங்கே கிடையாது. ஐந்தரை மணிக்கு எழுந்து கலங்கரை விளக்கம் வரை நடக்க வேண்டும். எட்டு மணிக்கு சைக்கிள். பத்தரைக்குப் பாய்ப்படகு. சாயங்காலம் மறுபடியும் நடை. ஆயுசு முழுக்கத் தலையில் மீன்சட்டியோடு அதே பாதையில் நடந்த பெண்களுக்கு, இதற்கென்று ஆள் புறப்பட்டு வருவதை இன்னும் நம்ப முடியவில்லை. வேர்த்துக் கொட்டச் சைக்கிள் மிதிப்பவர்களை நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஜாஸ்பரால் அப்படி வேடிக்கை பார்க்க முடியாது. பாய்ப்படகு அவன் பொறுப்பு. இருபது வருடம் எட்சனோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவன், முதுகுத்தண்டு தேய்ந்து வலை இழுக்க முடியாமல் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தான். மார்பில் கேப்டன் என்று எழுதிய நீலச் சட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஊரில் கேலி பேசாதவர்கள் இல்லை. எட்சன் மட்டும், "சட்டை கொள்ளாம் மக்கா, வயித்தக் கொஞ்சம் கொறச்சுக்கோ" என்றான்.

போன மாதம் ஒரு நாள் ஜாஸ்பர் நடுக்கடலில் ஊர் வள்ளம் ஒன்றை ஒட்டிப் படகை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டான். படகிலிருந்த விருந்தினருக்கு மீன் நாற்றம் தாங்கவில்லையாம், புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொன்னார். முதுகு போனவனுக்குக் கரையில் வேறு என்ன வேலை வைத்திருக்கிறது? அன்றிலிருந்து ஊர் வள்ளத்தைக் கண்டால் ஜாஸ்பர் விலகித்தான் ஓட்டினான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு மனைவி பிளஸ்ஸி போன் செய்தாள்.

"இஞ்ச கேளுங்க, எட்சன் அண்ணனுக்க வள்ளம் மறிஞ்சு போச்சு. கூடப் போன எபிசன வேற வள்ளத்துக்காரங்க தூக்கிட்டாங்க. அண்ணனக் காணல்ல. வெறும் கேன் ஒண்ணப் பிடிச்சிட்டுக் கெடந்தாராம், அலையில ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு. எல்லாரும் தேடப் போறாவ. நீங்க உடனே வாருங்க."

கடலில் ஒருவனைக் காணவில்லை என்றால் அந்தக் கரையில் அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. இருக்கிற வள்ளமெல்லாம் தேடத்தான் போகும். யாரும் யாரையும் அழைப்பதும் இல்லை. அழைத்தால்தான் வருவான் என்று பெயரெடுத்தவனை ஊர் சாகும்வரை மறக்காது.

ஜாஸ்பர் மேலாளரிடம் போய் நின்றான்.

"ஒரு குரூப்தானே? பன்னிரண்டரைக்கு முடிஞ்சிடும், அப்புறம் போங்க" என்றார் அவர். "அத்தனை பேர் தேடுறாங்க. நீங்க ஒருத்தர் போய் என்ன ஆகப்போகுது?"

இந்த முதுகை வைத்துக்கொண்டு நாம் போய் என்ன ஆகப்போகிறது என்று ஜாஸ்பரும் நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. பாய்ப்படகில் ஏறும்போது எல்லோருடைய போனையும் அலுவலகத்தில் பூட்டி வைத்துவிடுவார்கள். கடலும் நீங்களும் மட்டும் என்று அதற்கொரு விளம்பரம் வேறு.

அன்று வந்தவர்கள் ஹரிகுமாரும் அவன் மனைவி தன்யாவும். பூதப்பாண்டிக்காரர்கள், பெங்களூரில் வேலை. பிறந்த ஊர்க் கடலில் ஏறுவது அதுதான் அவர்களுக்கு முதல் தடவை.

மணி பதினொன்று இருக்கும். ஜாஸ்பர் முன்பக்கத்தை நேர் தெற்கே பிடித்திருந்தான். ஆனால் கரையிலிருந்த கோயில் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தது. காற்றாக இருக்குமோ என்று பாயைத் தளர்த்திப் பார்த்தான். பாய் இல்லாமலும் படகு மேற்கே போனது. நீவாடு திரும்பிவிட்டது. கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். விடியற்காலையில் அது கிழக்கே ஓடியது.

அப்போதுதான் ஊர் வள்ளங்கள் கண்ணில் பட்டன. பத்துப் பதினைந்து வள்ளங்கள் வரிசையாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. எபிசன் விடியற்காலை ஓட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. என்ஜினை முடுக்கிப் பாய்கிறவனுக்கு நீர் திரும்பியது லேசில் பிடிபடாது. பாயை நம்பி மெல்ல ஊர்கிறவனுக்குத்தான் பிடிபடும். அன்று அந்தக் கடலில் பாய் விரித்திருந்தவன் ஜாஸ்பர் ஒருவன்தான்.

அந்த வள்ளங்கள் பக்கம் திருப்பி ஓட்டினால் பத்து நிமிடம். ஒரு குரல் கொடுத்தால் போதும். அவன் கை சுக்கானை இறுக்கிப் பிடித்தது.

"என்னண்ணே, இத்தனை வள்ளம் வரிசையாப் போகுது? ஏதும் விசேஷமா?" என்று ஹரிகுமார் கேட்டான்.

"ஒண்ணுமில்ல சார். மீன் பிடிக்கப் போறாவ."

"அந்தப் பக்கம் வேண்டாங்க," என்றாள் தன்யா, "எனக்கு இப்பவே வயித்தப் புரட்டுது."

அது போதுமாக இருந்தது ஜாஸ்பருக்கு. எட்சன் கடலிலேயே வளர்ந்தவன், கேன் கையில் இருக்கிறது, ஒரு பகல் தாங்குவான், கரைக்குப் போனதும் சொல்லிவிடலாம். இதையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். பன்னிரண்டரை வரை ஹரிகுமாருக்கு முடிச்சுப் போடவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தான். "நல்லாப் பிடிக்கீங்க சார்" என்று பாராட்டவும் செய்தான்.

கரை தட்டியதும் போனைக்கூட வாங்காமல் வெறுங்காலோடு ஓடினான். பாதி வழியில் முதுகு பிடித்துக்கொண்டது. பின்னாலேயே ரிசார்ட் சைக்கிளில் ஹரிகுமார் வந்தான். அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"ஏறுங்கண்ணே" என்றான். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே கேட்டான்: "கடல்லயே சொல்லியிருந்தா திரும்பியிருக்கலாமே? நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

பின்னால் உட்கார்ந்திருந்த ஜாஸ்பர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்தது.

கரையிலிருந்த வயர்லெஸ்ஸை வாங்கி, "நீவாடு திரும்பியாச்சு, மேற்க பாருங்க" என்று கத்தினான். வள்ளங்கள் திரும்பின. ஒன்றரை மணிக்குக் கடியபட்டணத்துக்கு நேரே எட்சனைக் கண்டுபிடித்தார்கள். கேனின் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. உயிர் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி இரண்டேகால். பார்த்த டாக்டர், உயிர் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது என்றார். ஜாஸ்பர் விரல்விட்டு எண்ணத் தேவையில்லை. பதினொன்றுக்கு ஒரு குரல் கொடுத்திருந்தால் எட்சன் நடந்து வந்திருப்பான்.

மறுநாள் அடக்கப் பூசையில் பங்குத்தந்தை அவன் பெயரைச் சொன்னார். கடலின் போக்கைச் சரியாகக் கணித்து, ஒரு குடும்பத்துக்கு ஆறுதல் தந்தவர் என்றார். சட்டையைக் கேலி பேசியவர்களே வந்து தோளைத் தட்டினார்கள். ஜாஸ்பருக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் எட்சனின் மனைவி ரீத்தா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன பேருக்கு ஒடம்புகூடக் கெடைக்காமப் போயிருக்கு. ஒங்களாலதான் அவருக்க மொகத்தயாவது பாத்தேன், அண்ணா" என்று அழுதாள். பிறகு கேட்டாள்: "தண்ணி திரும்பினது ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

ஜாஸ்பர் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கரைக்கு வரும்போதுதான் தெரிஞ்சுது ரீத்தா" என்றான். "தெரிஞ்ச ஒடனே ஓடி வந்தேன்."

அவள் அவன் கைகளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.